எரிந்தால்தான் சுத்தம்

மார்ச் 12, செவ்வாய்

ஏழாவது கதிர்வீச்சு முடிந்தது. இன்னும் இருபத்தாறு. முகத்தில் அந்த வலை மாஸ்க்கைப் போட்டு மேசையோடு சேர்த்து இறுக்கிவிட்டு, "அசையாதீங்கம்மா" என்கிறான் மெஷின்காரன். தலையைப் பூட்டிவிட்டு அசையாதே என்கிறவனை என்ன சொல்ல! அசைந்து எங்கே போகப் போகிறேன்?

நாக்கின் இடது ஓரத்தில் புற்று வந்திருக்கிறது. புகையிலை, குடி எதையும் தொட்டதில்லை நான். இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் துப்புரவு மேற்பார்வை. என் தியேட்டர் தரையில் சாப்பாடே போட்டுச் சாப்பிடலாம் என்று சர்ஜன்கள் கேலி செய்வார்கள். வேலையாட்கள் என் முதுகுக்குப் பின்னால் 'பினாயில் அக்கா' என்பார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு வாய்க்குள்ளே இது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தினமும் ஆள் மாற்றி ஆள் மாற்றித் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறன்று தங்கச்சி வந்துவிட்டாள், தையல் மெஷினோடு. எனக்குக் கல்யாணம், பிள்ளை எதுவும் கிடையாது; பார்த்துக்கொள்ள அவள்தான். ஐம்பத்திரண்டு வயதானாலும் எனக்கு அவள் குட்டி. மூன்று நாளில் வீடு முழுக்க நூல். சோபாவில் நூல், சோப்பு டப்பாவில் நூல், என் தலையணையில் நூல். கேட்டால், "நூல் கடிக்காதுக்கா" என்கிறாள்.

காலையில் கொண்டை நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். (பெயர் கேட்கவில்லை. உச்சியில் கொண்டை.) ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா. நாளைக்கு ஐந்து ஆறு முறை கொப்புளித்துத் துப்ப வேண்டும்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதாம்மா. இனிமே வாய் புண்ணாகும். கடையில விக்கிற மவுத்வாஷ் எதையும் கேக்காம வாங்கிடாதீங்க."

உப்புத் தண்ணீர்! இதைச் சொல்வதற்கு ஒரு ஆஸ்பத்திரி, அதில் ஒரு நர்ஸ், அவளுக்கு ஒரு வெள்ளைச் சீருடை. நான் உப்பைக் கரைத்துத் தியேட்டர் தரையைத் துடைத்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்.

மார்ச் 14

மெடிக்கல் ஷாப்பில் நானே போய் வாங்கினேன். நீலக் கலர், பெரிய பாட்டில். மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. மருந்து என்றால் இது! குட்டிக்குத் தெரிந்தால் நர்ஸிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள். பாத்ரூம் அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

கன்னத்தின் உட்புறம் முதல் புண். பொட்டு அளவுதான். நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிறது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

மத்தியானம் குட்டி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். பார்த்த கரண்டியை அப்படியே சட்டிக்குள் விட்டாள்.

"குட்டி! எச்சில் கரண்டி!"

"அய்யோ, உப்பு இருக்கான்னு பாத்தேங்க்கா. அதுதான் கொதிக்குதே."

"கொதிச்சா ஆச்சா? நூல் கடிச்ச வாயி, அதையே வெச்சு எனக்குச் சூப்பு!"

"சின்ன வயசுல ஒரே மிட்டாயை மாத்தி மாத்திச் சப்புனோம். அப்ப உனக்கு ஒண்ணும் ஆகலயே?"

"அதான் இப்ப ஆயிருக்கு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 21

ஒன்றை எழுதி வைக்கிறேன். புதிதாக வருகிற துப்புரவு ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மருந்தை ஊற்றுவார்கள், உடனே துடைத்துவிடுவார்கள். தரை பளபளக்கும், கிருமி அப்படியே இருக்கும். மருந்து தரையில் நிற்க வேண்டும். பத்து நிமிஷம் ஈரம் காயாமல் நிற்க வேண்டும். கையில் கடிகாரம் இல்லாதவளை நான் தியேட்டருக்குள் விட்டதில்லை.

பாட்டில் மேலே முப்பது விநாடி என்று போட்டிருக்கிறான். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கச் சொல்கிறான். அது சும்மா வாய் நாற்றத்துக்கு வாங்குகிறவர்களுக்கு. எனக்குப் பத்து நிமிஷம், தண்ணீர் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் நீர் கொட்டுகிறது. எரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

குட்டி பாவம், நர்ஸ் கொடுத்த தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, ஐந்து வேளையும் உப்புத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து கதவைத் தட்டுகிறாள். "சூடு சரியா இருக்கான்னு விரலை விட்டுப் பாத்தேன்" என்று வேறு சொல்கிறாள். வாங்கி வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, காலி டம்ளரைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் 25

எரியுது.

மார்ச் 27, புதன்

பேச்சு நின்றுவிட்டது. நின்றது என்றால் முடியாமல் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு கத்திக்குத்து. அதனால் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். குட்டி அதை என் குரலிலேயே சத்தமாகப் படிக்கிறாள். 'ஜன்னலைச் சாத்து' என்று எழுதினால், இடுப்பில் கையை வைத்து, மூக்கை விடைத்து, "ஜன்னலச் சாத்துடீ!" 'டீ' நான் எழுதவே இல்லை. "நீ எழுதாம விட்டாலும் அது உள்ள இருக்கும்க்கா, எனக்குத் தெரியாதா?" என்கிறாள்.

சிரிக்க முடியவில்லை. சிரித்தால் உதடு கிழிகிறது. கையால் அவளை அடித்தேன், அதுதான் என் சிரிப்பு.

உப்புத் தண்ணீர் ஐந்து டம்ளர், வழக்கம்போல.

ஏப்ரல் 2, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் யாரிடம் சொல்வது.

இருபத்தொரு தடவை முடிந்திருந்தது. இன்று இருபத்திரண்டு. மாஸ்க் மாட்டுவதற்கு முன்னால் கதிர்வீச்சு டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். பார்த்தார், மறுபடி பார்த்தார். பேசாத டாக்டரைக் கண்டால் எனக்கு ஆகாது.

"புண் இவ்ளோ மோசமா இருக்கக்கூடாதும்மா. நாக்கு மேல வெள்ளையா வேற படிஞ்சிருக்கு, தொற்று சேர்ந்திருக்கு. இந்த வாயோட மேல குடுக்க முடியாது. நிறுத்தி வைப்போம்."

நோட்டில் எழுதினேன்: 'எத்தனை நாள்?'

"ஆறுற வரைக்கும். ஒரு வாரம், பத்து நாள். நடுவுல விடுறது நல்லதில்லதான். நாம சும்மா இருக்கிற நாள்ல உள்ள இருக்கிறது சும்மா இருக்காது. ஆனா வேற வழியில்ல." அப்புறம் கேட்டார்: "வாயை எதுல கழுவுறீங்க?"

நான் பேனாவை எடுப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள். "உப்புத் தண்ணி டாக்டர். அஞ்சு வேளையும் நானே கலக்கித் தர்றேன். ஒரு வேளை தவறினதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தொற்று. இருபத்தெட்டு வருஷம் அந்த ஒரு சொல்லை வாசலில் நிறுத்திவைத்திருந்தேன். இப்போது என் வாய்க்குள்ளேயே. எங்கிருந்து வந்தது? நான் மருந்து ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்? வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தானே வரும்?

ஏப்ரல் 3

காலையில் எழுதிக் கொடுத்தேன். எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், ஒரு எழுத்து விடாமல்.

'உன் கைதான். உன் எச்சில் கரண்டி, உன் நகம், நீ விரலை விட்டுப் பார்த்த தண்ணீர். எனக்குத் தொற்று கொண்டுவந்தது நீ. நான் செத்தால் உன் கையால்தான்.'

வழக்கம்போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தாள். "உன் கைதான்!" என்று என் குரலில். இரண்டாவது வரியில் குரல் அவளுடையதாகிவிட்டது. மூன்றாவது வரியை வாய்க்குள்ளேயே படித்தாள். கடைசி வரியில் உதடு மட்டும் அசைந்தது.

தாளை மடித்தாள். மெஷினுக்குப் போனாள். உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்? உயிர் போகிற விஷயத்தில் முகத்தாட்சண்யம் பார்க்க முடியுமா? என் தியேட்டரில் ஒருத்தி கை கழுவாமல் வந்தபோது அழ அழ வெளியே அனுப்பியிருக்கிறேன். அவளும் யாரோ ஒருத்திக்குத் தங்கச்சியாகத்தான் இருந்திருப்பாள்.

ஏப்ரல் 4

குட்டி கையுறை போட்டுக்கொண்டு சமைக்கிறாள். கரண்டியைக் கொதிக்கவைக்கிறாள், டம்ளரைக் கொதிக்கவைக்கிறாள், நான் எழுதுகிற பேனாவைக் கூட ஸ்பிரிட்டில் துடைக்கிறாள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள், இரண்டு விரலில் ரத்தம். சூப் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறாள்.

நான் ஆறு வேளை கொப்புளிக்கிறேன். தொற்றுக்கு அதுதான் மருந்து.

ஏப்ரல் 6, சனி

போய்விட்டாள்.

"நான் இருந்தா உனக்கு ஆகாதுக்கா. உன் உயிரோட என்னால விளையாட முடியாது" என்றாள். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொன்னாள். "அவளுக்கும் மாசம் ஆயிருச்சு. அங்க ஒரு ஆள் வேணும்."

அவள் மகளுக்கு அடுத்த மாதம்தான் பிரசவம். அது சாக்கு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஃப்ரிட்ஜில் ஆறு டப்பா சூப். ஒவ்வொன்றின் மூடியையும் கொதிக்கவைத்து மாட்டியிருக்கிறாள். வீட்டில் தேடிப் பார்த்தேன், ஒரு நூல் இல்லை. தரையில் மண்டியிட்டுப் பொறுக்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. விட்டுட்டுப் போனவ எதுக்குடீ கூட்டிப் பெருக்கிட்டுப் போகணும்?

ஏப்ரல் 9, செவ்வாய்

பல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். வாயில் படுகிற எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். பிரஷ், பேஸ்ட், ஸ்பூன். நீல பாட்டிலையும் எடுத்துப் போனேன். பெருமையாகத்தான் எடுத்துப் போனேன் – உங்கள் உப்புத் தண்ணீரை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை, பாருங்கள் என்று காட்ட.

பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். "இதை எத்தனை நாளாப் போடுறீங்க?"

'மூன்றரை வாரம்.'

"தண்ணி கலந்தா?"

'இல்லை.'

"எவ்ளோ நேரம் வாயில வெச்சிருப்பீங்க?"

'பத்து நிமிஷம். ஆறு வேளை.'

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பத்து நிமிஷமா! அம்மா, இது தரை இல்ல. தோல் உரிஞ்ச வாய். கதிர்வீச்சுல புண் வரத்தான் செய்யும், எல்லாருக்கும் வரும். உப்புத் தண்ணி அதைக் காயாம வெச்சுக்கும், சுத்தமா வெச்சுக்கும். அதுக்குத்தான் அது. இதுல ஸ்பிரிட் இருக்கு. பச்சைப் புண்ணு மேல தினமும் ஒரு மணி நேரம் ஸ்பிரிட் நின்னா அது எங்க ஆறும்?"

தினமும் ஒரு மணி நேரம். அந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை.

எழுதினேன்: 'தொற்று? என் தங்கச்சிக்குக் கை சுத்தமில்லை. அதனால்தானே?'

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கிறது ஒரு வகைப் பூஞ்சை. அது அனேகமா எல்லார் வாயிலயும் சும்மா இருக்கும். எச்சில் வத்தி, வாய் புண்ணானா தலை தூக்கும். அதுக்கு மாத்திரை தர்றேன், போயிரும். உங்க தங்கச்சி என்ன பண்ணுவாங்க பாவம்? உப்புத் தண்ணி கலக்கிக் குடுத்தது அவங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இந்தத் தடவை அது பொய் இல்லை. கலக்கிக் கொடுத்தாள். குடித்தது வாஷ்பேசின்.

ஏப்ரல் 10

என் வாய். என் கை. என் கடிகாரம். வேறு யாரும் இல்லை.

காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசத்தான் முடியாது, எழுதி அனுப்பலாமே? அனுப்பலாம். என்ன எழுதுவது? ஒரு வாரத்துக்கு முன்னால் எத்தனை அழகாக எழுத வந்தது! ஒரு எழுத்து விடாமல்!

நேரில் சொல்ல வேண்டிய விஷயம் இது, போனில் எழுதக்கூடாது. குரல் வரட்டும், சொல்கிறேன்.

ஏப்ரல் 15, திங்கள்

இருபத்திரண்டாவது. மறுபடி மாஸ்க். ஒன்பது நாள் கதிர்வீச்சு போனது போனதுதான் என்றார் டாக்டர். மீதியை விடாமல் முடிப்போம் என்றார். எதனால் இப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை. பல் டாக்டரம்மா சொல்லியிருப்பாள். கேட்காமல் விட்டாரே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. இரண்டு வார்த்தை திட்டினால் என்ன?

உப்புத் தண்ணீர் நானே கலக்குகிறேன். எரிவதே இல்லை. நாலு நாளில் புண் சுருங்க ஆரம்பித்துவிட்டது, வெட்கம் கெட்ட புண்.

ஏப்ரல் 19

குட்டியிடமிருந்து செய்தி. 'எப்படி இருக்கு? மறுபடி ஆரம்பிச்சாச்சாமே.'

'புண் ஆறுகிறது' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'பார்த்தியா, நான் தள்ளி இருந்ததும் ஆறுது. நல்லவேளை கிளம்பி வந்தேன். மன்னிச்சிரு அக்கா.'

மன்னிச்சிரு அக்கா. அவள் என்னிடம் கேட்கிறாள்!

'இல்லை குட்டி' என்று அடித்தேன். அழித்தேன். 'உன்னால் இல்லை' என்று அடித்தேன். அழித்தேன். கடைசியில் ஒன்று அனுப்பினேன்: 'பரவாயில்லை.'

அடிப்பாவி. பரவாயில்லையாம். மகாராணி மன்னித்துவிட்டாள்.

ஏப்ரல் 30

முப்பத்து மூன்று. முடிந்தது. மெஷின்காரன் கை தட்டினான். மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

மே 21

பேச்சு வருகிறது. கொஞ்சம் குழறல், ஆனால் வருகிறது. வந்து ஒரு வாரம் ஆகிறது. கேபிள்காரனோடு சண்டை போட்டேன், கொண்டை நர்ஸோடு அரை மணி நேரம் அரட்டை அடித்தேன். குட்டிக்கு மட்டும் போன் போடவில்லை. பிரசவ நேரம், அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்ல மட்டும் இந்த வாய்க்கு ஒரு நாளும் வலித்ததில்லை.

சாயங்காலம் அவள் மருமகன் கூப்பிட்டார். பெண் குழந்தை. இருவரும் நலம். "அத்தைதான் ரூமுக்குள்ளயே வரமாட்டேங்கிறாங்க. கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போயிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல, "களைப்பா இருக்கும்" என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குட்டிதான் கதவைத் திறந்தாள். மாஸ்க், முழங்கை வரை கையுறை. "வாக்கா" என்றாள். கண் சிரித்தது. சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள்.

உள்ளே கட்டிலில் குழந்தை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொடைமேல் பழைய தையல் துணியைப் போட்டுக்கொண்டு குட்டி சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் அறையே இருந்தது.

"பெரியம்மா, நீங்களாவது கேளுங்க" என்றாள் மகள். "புள்ள பொறந்து பத்தொம்பது நாளாச்சு, அம்மா ஒரு தடவை தூக்கல. கையில கிருமி இருக்காம், தொட்டா ஒட்டிக்குமாம். நாளெல்லாம் கை கழுவுறாங்க. நான் தனியாக் கெடந்து சாகிறேன்."

"சும்மா இருடி. வந்தவங்ககிட்ட..." என்றாள் குட்டி.

"கையைக் காட்டுங்கம்மா பெரியம்மாவுக்கு."

காட்டவில்லை. மகள் எழுந்து போய் ஒரு கையுறையை உருவினாள். தோல் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது, முட்டிகளில் ரத்தக் கோடு. அந்த வாசனை எனக்குத் தெரியும். தரை துடைக்கிற மருந்து. தண்ணீர் கலக்காமல்.

"எவ்ளோ நேரம் வெச்சிருக்கே?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"பத்து நிமிஷம்" என்றாள் குட்டி. "நீ சொல்லுவியே, ஊத்தி உடனே தொடச்சா சாகாதுன்னு. துணி பட்டா தோல் பிச்சிக்குது, அதான் தைக்கிறதை நிறுத்திட்டேன். பரவாயில்லக்கா. உனக்குப் பண்ணினதை இதுக்கும் பண்ணிடக்கூடாது."

சொல்லிவிட்டேன். நின்றபடியே, குழறிக் குழறி, மகள் முன்னாலேயே. நீல பாட்டில், துண்டுக்குப் பின்னால் ஒளித்தது, உப்புத் தண்ணீரைக் கொட்டியது, பத்து நிமிஷம், பல் டாக்டரம்மா சொன்னது. "உன் கையில ஒண்ணும் இல்ல குட்டி. ஒரு நாளும் இருந்ததில்ல. என் வாயை நானேதான் பொசுக்கிக்கிட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கூட நினைத்தேன், வெட்கமில்லாமல்.

அவள் கேட்டது ஒன்றுதான். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"ஏப்ரல் ஒம்பது" என்றேன்.

வெடித்த விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். "ரெண்டு மாசம்."

"குரல் இல்லாம இருந்துச்சு குட்டி..."

"அன்னைக்கு மட்டும் எழுதத் தெரிஞ்சுதே?"

குழந்தை எதற்கோ சிணுங்கியது. குட்டி எழப் போனாள். பாதி எழுந்தவள், பழக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்குப் பதில் அந்த வலை மாஸ்க்கை இன்னும் முப்பத்து மூன்று தடவை மாட்டிக்கொள்வேன்.

"நீ அன்னைக்கு எழுதுனதுகூடப் போகட்டும்க்கா" என்றாள். குரல் உயரவே இல்லை. "வலி, பயம், எழுதிட்டே. நான் மன்னிப்புக் கேட்டேன் பாரு, அன்னைக்கு நீ பரவாயில்லைன்னியே. அதை எப்படி மனசு வந்து அனுப்புனே?"

 

"கிளம்புக்கா. நேரமாச்சு" என்றாள். மத்தியானம் மூன்று மணி.

ஜூன் 10

எடுக்கவில்லை.

ஜூன் 16

எடுக்கவில்லை. எழுதி அனுப்பினேன், இரண்டு பக்கம். படித்துவிட்டாள் என்று காட்டுகிறது.

ஜூலை 2

நான் நல்லவள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா என்று இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. ஆனால் எல்லாப் பக்கத்திலும் அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பிழைத்தவள்.

ஜூலை 26, வெள்ளி

ஸ்கேன் முடிவு. டாக்டர் படத்தை விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இப்போதைக்கு எதுவும் தெரியல. நல்ல செய்திதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க."

நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். சொல்ல ஒருத்தியைத் தவிர யாரும் இல்லை. கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போனில் ஒரு படம் வந்தது. அனுப்பியது அவள் மகள். குட்டி ஜன்னலோரம் நிற்கிறாள். தோளில் குழந்தை, தூங்குகிறது. மாஸ்க் இல்லை. ஒரு கை குழந்தையின் முதுகில், ஒரு கை கழுத்தடியில். குட்டி கேமராவைப் பார்க்கவில்லை.

கீழே எழுதியிருந்தாள்: 'பெரியம்மா, இதை அம்மா அனுப்பச் சொல்லல. நானாத்தான் அனுப்புறேன். அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை ஆறிவிட்டது.